காது தொண்டைக்குழி மட்டத்துக்கு வரணும்: குழாய் போடும் முன் தலை வைக்கும் முறை

மயக்க மருந்து ஏறிவிட்டது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏறிவிட்டது. மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் போடுவதற்காக, நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைக் காட்டும் லாரிங்கோஸ்கோப் வாய்க்குள் இருக்கிறது, குரல்நாண் மட்டும் கண்ணில் படவில்லை. "அந்தத் தலகாணிய எடுங்க சிஸ்டர்... இல்லீங்க, இன்னொண்ணு வைங்க" என்ற குரல் அப்போதுதான் கேட்கும். சிறிய நர்சிங் ஹோம் முதல் பெரிய மருத்துவமனை வரை இது நடக்கிறது. நோயாளி மூச்சு விடாத அந்த நேரத்தில், உள்ளே சேர்த்து வைத்த ஆக்சிஜன் கரைந்துகொண்டிருக்க, நான்கு பேர் தோளைத் தூக்கித் துணியைச் செருகுவார்கள். மருந்து போடுவதற்கு முன்பு என்றால் நோயாளியே எழுந்து உட்கார்ந்து இடம் கொடுத்திருப்பார்.

கோபி, தாராபுரம், காங்கயம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் மயக்க மருந்து மருத்துவர்களுக்கும், அவர்களோடு நிற்கும் டெக்னீஷியன்களுக்கும், முதுநிலைப் படிப்பின் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீடியோ லாரிங்கோஸ்கோப் எல்லா ஊருக்கும் இன்னும் வந்து சேரவில்லை. தலையணை வந்திருக்கிறது.

பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, படுத்திருப்பவரின் காதுத்துளையும் தொண்டைக்குழியும், அதாவது நெஞ்செலும்பின் மேல்முனையில் விரல் பதியும் பள்ளமும், ஒரே கிடைமட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தை இரண்டுக்கும் நடுவே பிடித்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இரண்டு, முகம் கூரைக்கு இணையாக, அல்லது சற்றே பின்னால் சாய்ந்து இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தலைமாட்டில் நிற்பவருக்கு இந்தக் கோடு தெரியவே தெரியாது. பக்கவாட்டில் நின்று, டேபிள் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே டெக்னீஷியனையோ சிஸ்டரையோ பக்கத்தில் நிறுத்தி, "காது மேலயா கீழயா?" என்று கேட்பது நல்ல பழக்கம். கீழே என்றால் தலைக்கடியில் இன்னும் உயரம் வேண்டும்.

இந்த நிலையில் கழுத்து ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. கீழ்க்கழுத்து மார்பை நோக்கி முன்னால் வளைகிறது. மண்டையும் முதல் கழுத்தெலும்பும் சேரும் மூட்டில் தலை மட்டும் பின்னால் சாய்கிறது. 1989-ல் ஹார்ட்டனும் குழுவும் இதை அளந்து சொன்ன கணக்கு: கழுத்து வளைவு சுமார் 35 டிகிரி, முகத்தளத்தின் சாய்வு சுமார் 15 டிகிரி. பழக்கமில்லாதவர்கள் இரண்டாவது வேலையை மட்டும் செய்கிறார்கள். மோவாயைப் பிடித்து முழுக் கழுத்தையும் பின்னால் தள்ளி, தலையைத் தொங்கவிடுகிறார்கள். அப்போது குரல்வளை பார்வைக் கோட்டை விட்டு முன்னால் ஏறிக்கொள்ளும், நாக்கின் அடிப்பகுதி குறுக்கே நிற்கும். "ரொம்ப ஆன்டீரியர் லாரிங்க்ஸ்" (குரல்வளை மிகவும் முன்னால் இருக்கிறது) என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதில் ஒரு பங்காவது நாமே உண்டாக்கியது என்பது என் எண்ணம்.

ஏன் இப்படி வைக்கிறோம் என்பதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் காரணம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. இந்த நிலைக்கு ஸ்னிஃபிங் பொசிஷன், அதாவது முகர்ந்து பார்க்கும் நிலை என்று பெயர். அந்த வர்ணனை 1936-ல் ஐவன் மேகில் எழுதியதிலிருந்து வந்தது. 1944-ல் பானிஸ்டரும் மெக்பெத்தும் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: வாய், தொண்டை, குரல்வளை ஆகிய மூன்றின் அச்சுகளும் இந்த நிலையில் ஒரே கோட்டுக்கு வருகின்றன என்று. தேர்வில் இன்றும் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் வரைகிறார்கள். 2001-ல் பிரான்சில் அட்னேவின் குழு, விழித்திருக்கும் எட்டுப் பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. மூன்று அச்சும் ஒன்று சேரவில்லை. அதே ஆண்டில் 456 நோயாளிகளிடம் தலையணை வைத்தும், வைக்காமல் தலையைப் பின்னால் சாய்த்தும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடல் பருத்தவர்களுக்கும், கழுத்து சரியாகப் பின்னால் சாயாதவர்களுக்கும் தலையணை வைத்த நிலையில் பார்வை மேம்பட்டது.

இதைப் படித்துவிட்டுத் தலையணையைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சுலபமான கழுத்துக்கு எப்படி வைத்தாலும் குழாய் போய்விடும். கஷ்டமான கழுத்துக்குத்தான் நிலை வேண்டியிருக்கிறது, யார் கஷ்டம் என்பது முன்கூட்டியே முழுதாகத் தெரிவதுமில்லை. அச்சு சேர்கிறதோ இல்லையோ, தலை உயர்ந்திருந்தால் தாடைக்கடியில் நாக்கை ஒதுக்க இடம் கிடைக்கிறது, தூக்க வேண்டிய விசை குறைகிறது.

தலையணைக்கு வருவோம். சாதாரண உடல்வாகுள்ள பெரியவருக்குத் தலைக்கடியில் 7 முதல் 9 சென்டிமீட்டர் உயரம் போதும். ஆனால் அந்த உயரம் தலையை வைத்த பிறகு இருக்க வேண்டும். கடையில் வாங்கும் மெத்தென்ற ஃபோம் தலையணை பார்வைக்கு உயரமாக இருக்கும், தலை ஏறியதும் பாதியாக அமுங்கிவிடும். கெட்டியான ஃபோம், அல்லது இறுக்கமாக மடித்த பருத்தித் துணி நல்லது. வட்டமான ஜெல் ரிங் தலை உருளாமல் பிடித்துக்கொள்ளும், உயரத்துக்கு அதை நம்பக் கூடாது. அதன் அடியில் மடித்த துணி வேண்டும். தலையணை தலைக்கு மட்டும். அது சரிந்து தோளுக்கடியில் போனால் மார்பு உயர்ந்து தலை தாழும், நாம் விரும்பியதற்கு நேர் எதிர். நோயாளியை டேபிளில் மேலே இழுக்கும்போதெல்லாம் இது நடக்கும், ஆகவே இழுத்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

உயரம் அதிகமானாலும் தொல்லைதான். மோவாய் மார்பைத் தொடும், வாய் சரியாகத் திறக்காது, லாரிங்கோஸ்கோப் கைப்பிடி நெஞ்சில் இடிக்கும். வாய்க்குள் போகும் தகடான பிளேடை உள்ளே விடும்போதே கைப்பிடி இடித்தால் அதைத் திருப்பி மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்துப் பாட்டிமார்களின் கொண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடரியில் கெட்டியாக முடிந்த கொண்டை ஒரு எக்ஸ்ட்ரா தலையணை மாதிரி வேலை செய்யும், அதுவும் தவறான இடத்தில். தலை பின்னால் சாய விடாது, பக்கவாட்டில் உருட்டிவிடும். மேலே தியேட்டர் கேப் போட்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. வார்டிலேயே "ஆத்தா, கொண்டைய அவுத்து ஒருபக்கமா விட்டுக்குங்க, ஊசி, கிளிப்பெல்லாம் எடுத்துருங்க" என்று சொல்லிவிட வேண்டும். நீண்ட ஜடையும் அப்படித்தான். தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுவிடலாம்.

டேபிளில் நோயாளியின் உச்சந்தலை மேல் விளிம்புக்கு வந்துவிட வேண்டும். ஒரு சாண் கீழே கிடந்தால் நாம் குனிந்து, கையை நீட்டி, பலம் இல்லாமல் தூக்குவோம். உயரம், நிற்பவரின் நெஞ்செலும்பின் கீழ்முனைக்கு நோயாளியின் நெற்றி வரும்படி. சக்கரத்தின் லாக் போட்டிருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள். டேபிள் ஏறி இறங்காத இடங்களில் குள்ளமானவர் ஒரு படியில் ஏறி நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எடை கூடியவர்களுக்கு மேலே சொன்ன 7 சென்டிமீட்டர் எல்லாம் போதாது. முதுகிலும் தோளிலும் சேர்ந்த கொழுப்பு மார்பைத் தூக்கிவிடும், தலை அதற்குப் பின்னால் பள்ளத்தில் விழும். தலையை மட்டும் உயர்த்தினால் மோவாய் மார்பில் முட்டும். ஆகவே மேல்முதுகு, தோள், தலை மூன்றையும் சேர்த்துச் சரிவாக உயர்த்த வேண்டும். ராம்ப் என்று சொல்வது இதைத்தான். 2004-ல் காலின்ஸும் குழுவும் 60 பருமனான நோயாளிகளில் 7 சென்டிமீட்டர் மெத்தையையும் ராம்பையும் ஒப்பிட்டபோது, ராம்பில் குரல்வளை நன்றாகத் தெரிந்தது.

இதற்கென்றே விற்கும் முக்கோண மெத்தை நல்லதுதான், விலையும் அதற்கேற்ப. இல்லாத இடத்தில் துணியால் கட்டலாம். கெட்டி நெசவுள்ள சென்னிமலைப் பெட்ஷீட்டுகள் இதற்கு அருமையாக அமையும். மடித்தால் நழுவாது, எடை ஏறினால் அமுங்காது, துவைத்து ஆட்டோகிளேவில் போட்டாலும் தாங்கும். (பவானி ஜமக்காளத்தை எடுத்து வரும் ஆர்வக்கோளாறு வேண்டாம். ரத்தக்கறை பட்டால் அதைத் துவைத்து மாளாது.) முதல் அடுக்கு அகலமானது: தோள்பட்டை எலும்பின் கீழ்முனையிலிருந்து உச்சந்தலை வரை. அதன் மேல் இரண்டாவது: தோளின் மேல்விளிம்பிலிருந்து தலை வரை. மூன்றாவது தலைக்கு மட்டும். கழுத்துக்கடியில் படிக்கட்டு மாதிரி வெட்டு விழாமல், அடுக்குகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வர வேண்டும். நோயாளியை உட்காரவைத்துக் கட்டி, படுக்கவைத்து, பக்கத்தில் குனிந்து காது–தொண்டைக்குழிக் கோட்டைப் பார்த்து, குறைந்தால் மூன்றாவது அடுக்கில் கூட்டுங்கள். எத்தனை பெட்ஷீட் என்று எண்ணுவதில் அர்த்தமில்லை. கோடு வரும் வரை வைக்க வேண்டியதுதான்.

டேபிளின் முதுகுப்பகுதி தூக்கும் வசதி இருந்தால் 25 டிகிரி தூக்கி, தலைப்பலகையைப் பின்னால் இறக்கி அதே கோட்டைக் கொண்டுவரலாம். முதுகை மட்டும் தூக்கிவிட்டுத் தலைப்பலகையை மறந்தால் முகம் கால்மாட்டைப் பார்க்கும். 2017-ல் செம்லரின் குழு தீவிர சிகிச்சைப் பிரிவில் 260 பேரிடம் செய்த ஆய்வில், கட்டிலின் தலைப்பக்கத்தை 25 டிகிரி உயர்த்திய நிலை எந்த நன்மையும் தரவில்லை, பார்வையைக் கெடுக்கவும் கூடும் என்று வந்தது. "ராம்ப் வீண்" என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள், அது கட்டிலைச் சாய்த்தது, அடுக்கிக் கட்டிய ராம்ப் அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாய்வுக்கு இன்னொரு பலன் உண்டு, அது ஆக்சிஜன் கணக்கு. படுத்த நிலையில் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் சேமிப்பைச் சுருக்கிவிடும். 2005-ல் டிக்சனும் குழுவும் பி.எம்.ஐ. 40-க்கு மேற்பட்டவர்களிடம் அளந்தபோது, மூச்சு நின்றதிலிருந்து ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 92 சதவீதத்துக்கு இறங்க, மட்டமாகப் படுத்தவர்களுக்குச் சராசரியாக 155 வினாடியும், 25 டிகிரி சாய்ந்தவர்களுக்கு 201 வினாடியும் ஆனது. முக்கால் நிமிடம் கூடுதல். ஒரு முழு முயற்சிக்கான நேரம் அது. மூன்று நிமிடம் இறுக்கமான மாஸ்க்கில் சாதாரண மூச்சு, வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதம் தொடும் வரை காத்திருப்பது, இதெல்லாம் அந்தச் சாய்விலேயே நடக்கட்டும். மருந்து ஏறியதும் சாய்ந்த நிலையில் பிரஷர் இறங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பிரஷரை ஏற்றும் எஃபெட்ரினோ ஃபினைலெஃப்ரினோ சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும்.

ராம்பில் பலரும் கோட்டை விடும் இடம் கைகள். உடல் உயர்ந்துவிட்டது, கைப்பலகை பழைய மட்டத்திலேயே இருக்கிறது. கை தோளுக்குப் பின்னால் தொங்கி, தோள் நரம்புப் பின்னல் மணிக்கணக்கில் இழுபடும். கைப்பலகைக்கும் மடித்த துணி வேண்டும். அறுவைக்காக ராம்பை எடுப்பதென்றால் ஒருவர் தலையையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்க, மற்றவர்கள் துணியை ஒரு பக்கமாக உருவ வேண்டும். எல்லாம் முடிந்து குழாயை எடுக்கும் நேரத்தில் அது திரும்பவும் தேவைப்படும். எடுத்து மூட்டை கட்டிவிடாதீர்கள்.

சரி, எல்லாம் வைத்தும் குரல்வளை மூடி மட்டும்தான் தெரிகிறது என்றால்? பிளேடு இடது கையில் இருக்கும்போது வலது கை சும்மாதான் இருக்கிறது. அதைப் பிடரிக்கடியில் கொடுத்துத் தலையை இன்னும் மேலே தூக்கிப் பாருங்கள். பல நேரங்களில் கதவு திறந்த மாதிரி குரல்நாண் தெரியும். தெரிந்தால் உதவியாளர் தலையை அப்படியே பிடித்துக்கொள்ள, அல்லது ஒரு மடிப்பைச் செருக, வலது கை குழாய்க்கு விடுபடும். அதற்கும் மசியாவிட்டால் கழுத்தின் முன்புறம் தைராய்டு குருத்தெலும்பைப் பின்னால், மேலே, வலப்பக்கமாக அழுத்துவது. நாமே அழுத்தி இடத்தைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் உதவியாளரின் விரலை வைக்கச் சொல்வது குருட்டாம்போக்கில் "அமுக்குங்க" என்பதைவிட எவ்வளவோ மேல். தூக்கும் திசை கைப்பிடியின் நீளவாக்கில், எதிர்ச்சுவரும் கூரையும் சேரும் மூலையை நோக்கி. மேல்பல்லைத் தாங்கலாக வைத்து நெம்பினால் பல் போகும், பார்வை கிடைக்காது. எதையும் மாற்றாமல் அதே நிலையில் இரண்டாம் முறை முயல்வது வீக்கத்தையும் ரத்தத்தையும் மட்டுமே சேர்க்கும்.

கர்ப்பிணிகளுக்கு இதே ராம்ப், கூடவே இடப்பக்கம் 15 டிகிரி சாய்வு. வலது இடுப்புக்கடியில் வைக்கும் ஆப்பு சிலநேரம் தோளையும் சேர்த்துத் திருப்பிவிடும், தலை மட்டும் நேராக இருக்கும். கோட்டை அதற்கப்புறம் ஒருமுறை பாருங்கள். மார்பு பெருத்திருப்பதால் குட்டைக் கைப்பிடி வேண்டும்.

குழந்தைகளில் கணக்குத் தலைகீழ். இரண்டு வயதுக்குக் கீழே பின்மண்டை பெரிது. தட்டையாகப் படுக்கவைத்தாலே கழுத்து தானாக முன்னால் வளைந்துவிடும். தலையணை வைத்தால் மோவாய் மார்பில் புதைந்து மூச்சுவழி அடைபடும். கைக்குழந்தைக்குத் தோளுக்கடியில் சிறிய துண்டு மடிப்பு, தலைக்கு உருளாமல் ஒரு மெல்லிய ரிங், அவ்வளவுதான். அதிலும் அளவு மீறித் தலையைப் பின்னால் சாய்த்தால் மென்மையான மூச்சுக்குழாய் இழுபட்டுக் குறுகும். எந்த வயதானாலும் காதும் தொண்டைக்குழியும் ஒரே மட்டம் என்ற சோதனை பொருந்தும், அதனால்தான் சென்டிமீட்டரைவிட அந்தக் கோட்டை நம்புகிறேன்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து வருபவர், நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், இவர்களுக்குக் கழுத்தெலும்பு சரியாக இருக்கிறது என்று நிரூபணமாகும் வரை மேலே சொன்ன எதுவும் செல்லாது. தலையணையும் இல்லை, சாய்ப்பதும் இல்லை. கழுத்துப்பட்டை போட்டபடியே குழாய் போட முயல்வது தவறு, அது வாயைத் திறக்கவிடாது. பட்டையின் முன்பாதியைக் கழற்றிவிட்டு, ஒருவர் இரண்டு கைகளாலும் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பையும் பின்மண்டையையும் பற்றி, தலையும் உடலும் நேர்கோட்டில் அசையாமல் பிடிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, பிடித்தால் போதும். அவர் நோயாளியின் மார்புப் பக்கம் பக்கவாட்டில் நின்று தலையை நோக்கிப் பிடித்தால் நமக்கு இடம் கிடைக்கும். பார்வை ஒரு படி மோசமாகும் என்று எதிர்பார்த்தே, குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய தண்டான பூஜியைக் கையருகில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மாஸ்க் பிடிக்கும்போது மோவாயைத் தூக்குவதும் கழுத்தை அசைக்கும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

முடக்குவாத நோயாளிகளில் ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருந்தால், பெரும்பாலும் கழுத்தை முன்னால் வளைக்கும்போதுதான் எலும்பு நழுவித் தண்டுவடத்தை நெருக்கும். உயரமான தலையணையே அங்கே ஆயுதம். முன்பே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகு கூனிய முதியவர்களின் தலை டேபிளைத் தொடாது. தொடும்வரை அழுத்தாமல், தலை எங்கே நிற்கிறதோ அங்கே அடியில் துணியை நிரப்புங்கள். கழுத்து தேய்ந்தவர்களை விழித்திருக்கும்போதே அந்த நிலையில் வைத்து, "அப்பாரு, அண்ணாந்து பாருங்க... கையி மரத்துப் போவுதுங்களா? தல சுத்துதுங்களா?" என்று கேட்டுவிட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை கிடைத்துவிடும்.

வளைவு அதிகமுள்ள வீடியோ பிளேடு கையில் இருந்தால் தலை நேராக இருந்தாலே போதும், நேர்ப்பார்வை அதற்குத் தேவையில்லை. தலையை மிகவும் சாய்த்தால் திரையில் குரல்நாண் பளிச்சென்று தெரியும், குழாய் மட்டும் உள்ளே திரும்பாது. ஆனால் மாஸ்க்கில் காற்று கொடுக்க நல்ல நிலை அப்போதும் வேண்டும்.

குழாய் உள்ளே போன பிறகும் தலையின் நிலை வேலை செய்துகொண்டே இருக்கிறது. தலையை முன்னால் வளைத்தால் குழாயின் நுனி உள்ளே இறங்கும், பின்னால் சாய்த்தால் மேலே ஏறும். பெரியவர்களில் நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சராசரியாக 2 சென்டிமீட்டர் அளவுக்கு. குழாயின் ஆழம் பெண்களுக்குப் பல்வரிசையில் 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் என்பது தொடக்கக் கணக்கு, குள்ளமான உடல்வாகுக்கு இன்னும் குறைவு. தைராய்டு அறுவையில் இது முக்கியம். தோளுக்கடியில் வைக்கும் மணல்மூட்டையைக் குழாய் போட்ட பிறகுதான் வைக்க வேண்டும், முன்பே வைத்தால் தலை தொங்கிவிடும். வைத்துக் கழுத்தை நீட்டியதும் குழாய் மேலேறும், குழாயைச் சுற்றி ஊதிவிடும் பலூனான கஃப் குரல்நாணுக்கு வந்து நிற்கலாம். ஆகவே சர்ஜன் துணி போர்த்தும் முன் இரண்டு பக்கமும் மூச்சொலி கேட்டு, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் காப்னோகிராஃப் அலையைப் பார்த்து, பல்லருகே எண்ணைப் படித்துவிட்டு பிளாஸ்டரை மறுபடி ஒட்டுங்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாயே 4, 5 சென்டிமீட்டர்தான். அங்கே தலை அசைந்தாலே ஸ்டெதஸ்கோப்பை எடுக்க வேண்டும்.